கணவாய்க் குஞ்சும் பக்கத்து வீட்டுப் பாப்பாவும்

ஓசூரில் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கணவாய்க் குஞ்சு வளர்ப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு கிடையாது.

நகத்தளவே இருக்கும் என் குஞ்சு, உயிரோடு நீந்தும் பொடி இறாலைத்தான் தின்னும். அதை பெங்களூரில் வாங்கி, அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். நேற்றோடு அது தீர்ந்துவிட்டது.

இன்று காலையிலிருந்து செத்த இறாலை ஈர்க்குச்சியில் குத்தி, உயிருள்ளதுபோல ஆட்டிக் காட்டினேன். குஞ்சு பின்வாங்கிக்கொண்டே இருந்தது. பட்டினி கிடந்து செத்துவிடுமோ என்று பயமாகிவிட்டது.

மதியம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா இடுப்பில் பாப்பாவும் கையில் சோற்றுக் கிண்ணமுமாக வந்தார்.

"தம்பி, உன் மீனக் கொஞ்சம் காட்டு. வேடிக்க காட்டுனாத்தான் இவ வாயத் தொறப்பா."

"அதுவே சாப்பிட மாட்டேங்குதுக்கா."

"அப்ப ரெண்டும் ஒரே ரகம்தான்."

பேச்சில் குச்சியை ஆட்ட மறந்துவிட்டேன். நினைவு வந்து மெல்ல இழுத்ததும் குஞ்சு சட்டென்று கறுப்பாக நிறம் மாறியது. முகத்திலிருந்து இரண்டு நீளக் கைகள் பாய்ந்தன. குச்சியில் இறாலைக் காணோம்.

பாப்பா வாயைப் பிளந்தாள். அக்கா அதற்குள் ஒரு வாய் சோற்றைத் திணித்துவிட்டார். குஞ்சை வேடிக்கை காட்டியே கிண்ணமும் காலியானது.

"என்ன குழம்புக்கா, வாசனையா இருக்கு?"

"ஞாயித்துக்கெழம வேறென்ன, கணவாத் தொக்குதான். உனக்கும் கொண்டாரட்டா?"

வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

திட்டுபவர்கள் கமெண்டில் வரிசையாக வரலாம். தொக்கு நன்றாகவே இருந்தது.