காளவாசல் தோட்டத்தில் தை அமாவாசை

மலையில் அணை வேலை நடந்த வருடங்களில், கம்பத்தில் எங்கள் தெருக்கோடியில் அணைக்குச் சுண்ணாம்புக்கல் சுடும் காளவாசல்கள் இரவு பகலாக எரிந்தன. கூரை, கோழி, காயப்போட்ட சேலை எல்லாம் வெள்ளை. இருமல் இல்லாத ஆளே கிடையாது. அணை முடிந்ததும் அவை ஆறிப்போயின. அந்தச் சாம்பல் மேட்டைத் தோட்டமாக்கப் போகிறோம் என்று கடைவீதிக்காரர்கள் கிளம்பியபோது, வேலையற்றவர்கள் என்று ஏசினேன். நானும் கடைக்காரன்தான்.

என் வாயை அடைத்துவிட்டார்கள். வெந்த மண்ணை வண்டி வண்டியாக அள்ளி வெளியேற்றிவிட்டு, கண்மாய் வண்டலைக் கொட்டினார்கள். பூவரசங் கிளைகளைப் போத்தாக வெட்டி ஊன்றினார்கள். அவை கண்முன்னே மரமாயின. கல் வெந்த குழிக்குள் வாய்க்கால் தண்ணீரைத் திருப்ப, அது அல்லிக்குளமாகிவிட்டது. ஒன்றும் வாங்காமல், ஒன்றும் விற்காமல் மனிதர் சும்மா நடப்பதற்கென்றே ஓர் இடம்! பைத்தியக்காரத்தனம்தான். கடையைப் பூட்டியதும் என் கால் தானாக அங்கே போகும்.

அக்கா மட்டும் வரவில்லை. மச்சான் அந்தக் காளவாசலில்தான் வேலை பார்த்தார். சுவர் சரிந்து அங்கேயே போய்விட்டார். அன்று காலை தலைவலி, போகவில்லை என்றாராம். "படுத்துக் கெடந்தா உலை கொதிக்குமா?" என்று இவள்தான் விரட்டியிருக்கிறாள். அதன்பின் அமாவாசைதோறும் அவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் இலை போட்டுச் சோறு வைப்பாள். ஒரு காக்கை தொட்டதில்லை.

"அவுகளுக்கு எம்மேல கோவம் தீரல" என்று வெறும் வயிற்றோடு படுத்துவிடுவாள்.

"அந்தப் புகையில காக்கா எப்படிக்கா வரும்?" என்று கத்துவேன். காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். தோட்ட வேலை தொடங்கியதும் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஒரு தை அமாவாசையன்று விடாப்பிடியாக அழைத்துப் போனேன். சோற்றுப் பாத்திரத்தோடு உள்ளே வந்தவள், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கனடா வைப்பேன்? அவுக போன எடமே இல்லாமப் பண்ணிட்டாகளே!"

நான் கொண்டாடிய தோட்டத்தின் மேல் எனக்கு முதன்முதலாக ஆத்திரம் வந்தது. பிறகு நினைவுக்கு வந்தது: காளவாசலின் வாய் மேகமலையைப் பார்த்து இருக்கும், மச்சான் விழுந்தது அந்த வாயருகே. மலையை நேரே வைத்துக்கொண்டு பின்னுக்கு நடந்தேன். குளக்கரையில் ஒரு பூவரசின் அடியில் நின்றேன்.

"இங்கனதான்க்கா."

இலையைப் போட்டாள். பார்க்கத் தைரியமில்லாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். நான்தான் "கா, கா" என்று கத்தினேன்.

கிளையிலிருந்து ஒன்று இறங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது, ஒரு வாய் எடுத்தது, மற்றவற்றைக் கரைந்து அழைத்தது. மரம் இருந்தால் காக்கை வரத்தான் செய்யும் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். சத்தம் கேட்டு அக்கா மெல்லத் திரும்பினாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, சாப்பிடுறாகடா."