மரவள்ளி தின்ற அகிழான்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படியாதவன். ஆனால் வெறுங்கையோடு வேலணையை விட்டுப் போய், தெற்கே சொந்தக் கடை போட்டு நிமிர்ந்தவன். அதற்கான மூளை எனக்குச் சின்ன வயதிலேயே இருந்தது.

அந்த வருஷம் மழையில்லை. நெல் கருகிப்போனது. வீட்டுக்குப் பின்னால் அம்மா கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரவள்ளிதான் எங்களுக்குச் சோறு. வேலிக்கு அப்பால் அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவின் வீட்டு வளவு. சித்தப்பா தெற்கே காலி நகருக்குக் கடை வேலைக்குப் போனவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. பிள்ளைகளோடு தனியே இருந்த சின்னம்மா, அம்மா எத்தனை தரம் கூப்பிட்டாலும் எங்கள் வீட்டில் கை நனைக்கமாட்டார். "இப்பதான் சாப்பிட்டனாங்கள் அக்கா" என்பார்.

ஒருநாள் அம்மா வேலியோர மரவள்ளி ஒன்றைப் பிடுங்கினார். மேலே இலை பச்சைப்பசேலென்று நிற்க, கீழே கிழங்கில்லை. கத்தியால் நறுக்கியதுபோல் வெட்டு. தோண்டிய மண்ணும் பக்குவமாகத் திரும்ப மூடப்பட்டிருந்தது. அம்மா அந்த வெட்டையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அகிழான்" என்றார். எங்கள் பக்கத்தில் பெருச்சாளியை அப்படித்தான் சொல்வோம்.

"பொறி வைப்பமே அம்மா?"

"வேண்டாம். அதுக்கும் குட்டியள் இருக்கும். பேசாமல் விடு."

விடுகிற ஆளா நான்? பனையின் கருக்குமட்டையைச் சிறு துண்டுகளாகத் தறித்து, வாள் போன்ற பற்கள் மேலே பார்க்க, அடுத்த மரவள்ளியின் அடியில் மண்ணுக்குள் புதைத்தேன். ஒருவரும் சொல்லித்தரவில்லை, முழுக்க என் யோசனை.

விடிய ஓடிப்போய்ப் பார்த்தால் மண் கிளறிக் கிடந்தது. கருக்கில் இரத்தம். என் கூச்சலில் அம்மா ஓடிவந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மா இடது கையால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் பழஞ்சீலைத் துண்டு சுற்றியிருந்தது.

"சின்னம்மா, அகிழான் என்னட்டை வடிவா வாங்கிக்கட்டிட்டுது! இனி இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்காது!"

"ஓமடா ராசா, நீ கெட்டிக்காரன்." சின்னம்மா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

அம்மா கருக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்து அடுப்புக்குள் போட்டார். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் காய்ச்சிக்கொண்டு, ஆள் நுழையும் வேலிப் பொட்டால் புகுந்து அந்தப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன்.

"கையிலை என்னடி?"

"மீன் வெட்டேக்கை கத்தி பட்டிட்டுது அக்கா."

"பாத்து வெட்டு" என்று மட்டும் அம்மா சொன்னார். மருந்து வைத்து முடிந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.

எனக்கோ வயிறு எரிந்தது. இந்தப் பஞ்சத்திலும் மீன் வாங்கிக் காய்ச்சியிருக்கிறார்கள், எனக்கொரு துண்டு தர மனம் வரவில்லையே என்று அன்று முழுக்கச் சின்னம்மாவோடு நான் கதைக்கவில்லை.