ஏழுமலையின் முகப்புப் படம்

ரசாக் செய்யாத குற்றத்துக்காக அவனை எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியவன் நான். அந்தக் குற்றத்தைச் செய்தவனும் நான்தான்.

போன மாதம் வரை, மூன்று ஆண்டுகள் இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னால் பாரம் குறையும் என்ற நம்பிக்கையும் இல்லை. களைப்பாக இருக்கிறது... அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் ஒன்றாகப் படித்த இருபது கிழவர்களின் குழு அது. வேளாண்மை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அட்மின் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். யாராவது முகப்புப் படத்தை மாற்றினால் அவனைப் பிடித்துக் கலாய்ப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

மலைமேல் வெள்ளிமலை ஊரில் இருக்கும் ஏழுமலை ஒருநாள் தன் இருபது வயதுப் படத்தை வைத்தான். காதை மூடிய கிருதா, பெல்பாட்டம் பேண்ட்!

"இன்னாடா ஏழுமல, பேரன் போட்டோவ டிபி வச்சிக்கினு ஊர ஏமாத்துற?" என்று நான் தொடங்கினேன்.

"பேரன் இல்லடா, நாந்தான். பேண்டு மட்டும் ஸ்டுடியோகாரனோடது."

"அப்ப முடி?" என்று கேட்டான் ரசாக்.

"முடி என்துதான்டா. இப்ப கொஞ்சம் கம்மி!"

எல்லோரும் சிரித்தோம். அதோடு நான் விட்டிருக்கலாம்... விட்டேனா?

ரசாக் டவுனில் பேனர் கடை வைத்திருப்பவன். என் மனைவியின் முதலாண்டு நினைவு நாளுக்குக் கண்ணீர் அஞ்சலிப் படம் செய்து தந்தவன் அவன். ஓரமெங்கும் நந்தியாவட்டைப் பூக்கள், கீழே அவன் கடைப் பெயர். அந்தப் படம் என் கைபேசியில் இருந்தது. அவள் முகம் இருந்த இடத்தில் ஏழுமலையின் கிருதா முகத்தை ஒட்டினேன். பெயரை மாற்றினேன். "மறைவு: இன்று காலை" என்று எழுதினேன். இளமை இறந்துவிட்டதாம்... அதுதான் வேடிக்கையாம்!

மனைவியின் படத்தில் அப்படிச் செய்ய எப்படிக் கை வந்தது என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குழுவில் போடுமுன் அழகு பார்ப்பதற்காக என் ஸ்டேட்டஸில் வைத்தேன். அரை மணி நேரத்தில் மனம் உறுத்தவே எடுத்துவிட்டேன். அதற்குள் ஒரே ஒருவர் பார்த்திருந்தார். மலையில் வேலை பார்த்த நாளில் பழக்கமான ஜீப் ஓட்டுநர். அவர் அதை உண்மை என்று நம்பி, படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டார்.

ஏழுமலையின் அக்கா மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் இருந்தார். அவரிடம் யாரோ படத்தைக் காட்டினார்கள். தம்பிக்குப் போன் போட்டார்கள். மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. அக்கா மாலை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினார். வளைவுக்கு வளைவு ஒப்பாரி வைத்துக்கொண்டே போனாராம். வெள்ளிமலையில் இறங்கும்போது, டீக்கடை வாசலில் தம்பி நிற்பதைப் பார்த்தார். படி தவறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பிறகு அவர் நடக்கவே இல்லை.

எங்கிருந்து புறப்பட்டது அந்தப் படம் என்று யாரும் தேடவில்லை. கீழேதான் கடைப் பெயர் இருந்ததே!

"உன் கட பேரையே போட்டு எங்கக்காவ சாச்சிட்டியேடா ரசாக்கு!" ஏழுமலையின் குரல் பதிவு அழுதது.

"அல்லா சத்தியமா நான் பண்ணலடா," என்றான் ரசாக்.

"இன்னாபா அட்மினு, பாத்துக்கினே கீற? தூக்கு அவன!" என்று எழுதினார்கள் மற்றவர்கள்.

என் விரல் அவன் பெயர்மீது நின்றது. ஒரு வரி போதும்... ஒரே வரி! நீக்கினேன். "குழுவின் கண்ணியம் எந்நிலையிலும் காக்கப்படும்" என்று அறிவிப்பும் போட்டேன். என் நடை நன்றாக இருப்பதாக நாலு பேர் பாராட்டினார்கள்.

போன மாதம் ஏழுமலையின் அக்கா இறந்துபோனார். மறுநாள் ரசாக்கின் கடைக்குப் போனேன்.

"அத பண்ணது நான்தான்டா," என்றேன்.

அவன் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்டா. அந்த நந்தியாவட்ட பார்டரு உன் வூட்டம்மாவுக்குன்னு நானே வரஞ்சது. வேற யாருக்கும் போடல."

"அப்புறம் ஏன்டா நீ சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். ஒரு வருசம் பாத்தேன். அப்புறம் வுட்டுட்டேன்."

டீ வரவழைத்துத் தந்தான். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவன் டீ தருவான்.

வீட்டுக்கு வந்து குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன், ஒன்றையும் மறைக்காமல். ரசாக்கை மீண்டும் சேர்த்தேன். ஒரு நிமிடத்தில் அவன் வெளியேறிவிட்டான். மற்றவர்கள் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள். "பெரிய மனசுப்பா உனக்கு" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதைப் படித்தபோது கூசிப்போனேன்... எனக்கா பெரிய மனசு!

சற்று நேரத்தில் ஏழுமலை கூப்பிட்டான். கத்துவான் என்று நினைத்தேன். அவன் குரல் தணிந்தே இருந்தது.

"எங்கக்கா சாவுற வரைக்கும் ரசாக்குக்கு சாபம் வுட்டுக்கினேதான்டா கெடந்துச்சி. நானும் கூட சேந்து திட்டினேன். படிச்சவனாச்சே, நீ சொல்லு... இப்ப அதுகிட்ட போயி, அவன் இல்லக்கான்னு யாருடா சொல்றது?"

அவன் போனை வைக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தான். மூச்சு விடுவது கேட்டது.

நான்தான் வைத்தேன்.