ஊசியைப் பார்த்துப் பாட்டுக் கேட்டவர்

கம்பெனி கன்டீனில் சாப்பிட உட்கார்ந்தபோது தெரேசா அக்காவிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவர் என்னை அழைத்ததே இல்லை. எடுத்தவுடன், "கலா, அண்ணன் போயிட்டாங்கம்மா," என்றார். காலையில் நெஞ்சு வலி என்று குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வாசலில் இறங்கும்போது நினைவு இருந்ததாம். உள்ளே போனதும் மூச்சு நின்றுவிட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன, என்ன என்று கேட்டார்கள். "சவரி அண்ணன்," என்று மட்டும் சொன்னேன். எங்கள் பழைய பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

லாயாங் லாயாங்கிலிருந்து செனாய் வரை எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டிய சவரிமுத்து அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். ஒருநாள் காலையில் அவர் ஏன் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கினார், ஏன் பிறகு ஓட்டவே வரவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி தெரேசா அக்காவிடம் கேட்டேன். "எழுதும்மா. இனிமே என்னா மறைக்க இருக்கு?" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணனுக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு டியூனரால். குளுவாங்கில் பழைய சாமான் கடையில் நான் ஒன்றை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பண்பலை நிலையங்களைப் பிடித்துத் தருவது மட்டுமே அந்தப் பெட்டியின் வேலை. அதைக் கேட்க ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் தனியாக வேண்டும். என் வீட்டில் இருப்பவர்கள், போனிலேயே எல்லா ரேடியோவும் வரும்போது இந்த இரும்புப் பெட்டி எதற்கு என்று சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஊசி ரெண்டா, ஒண்ணா?" என்று கேட்டார். ரெண்டு என்றேன்: ஒன்று அலையின் பலத்தைக் காட்டும், மற்றது நிலையத்தின் நடுவில் சரியாக நிற்கிறோமா என்று காட்டும். "அப்ப நல்ல சாமான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வா," என்றார்.

அவருடைய டியூனர் வெள்ளி முகமும் மரக்கூடும் கொண்டது. லாரி ஓட்டிய காலத்தில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. குமிழை ஒருமுறை சுண்டிவிட்டால் விளக்கெரியும் நீளக் கண்ணாடியில் முள் தானாகவே வழுக்கிக்கொண்டு போகும். கூரை மேல் மீன் முள்ளைப்போல ஓர் ஏரியல். சிங்கப்பூர்த் தமிழ் ஒலிபரப்பு அதில் வரும்போது, அறிவிப்பாளர் மூச்சை இழுப்பதும் தாளைத் திருப்புவதும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்கும். சில நாள் கடல் தாண்டிப் பாத்தாம் தீவிலிருந்தும் பாட்டு வரும். அப்படி வந்தால் அண்ணன் எழுந்து நின்றுவிடுவார். "போன்ல பாட்டு நம்ம பின்னால வருது. இதுல நாமதான் பாட்டத் தேடிப் போவணும்," என்பார். இன்னொன்றும் சொல்வார்: "இப்ப இந்தப் பாட்ட எத்தனையோ வீட்டுல ஒண்ணா கேக்கறாங்க. நீ நிறுத்தினாலும் அது நிக்காது. அதான் ரேடியோ."

தன் காதைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம். மற்றவர் காதை மதிக்கவே மாட்டார். நிலையம் சரியாக வந்துவிட்டது என்று நாங்கள் சொன்னால், "உங்களுக்கெல்லாம் காது அழகுக்கு இருக்கு," என்று சொல்லி இன்னும் ஒரு மயிரிழை திருப்புவார். கோபக்காரர். பஸ்ஸில் யாராவது போனில் சத்தமாகப் பாட்டு வைத்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்.

அவர் பஸ்ஸை நிறுத்தி இறங்கியதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூன்று நான்கு பேர் அவர் வீட்டில் இருந்தோம். பழைய டியூனர் சூடு ஏற ஏற நிலையத்தை விட்டு மெல்ல நழுவும். அன்றும் நழுவியது. பாட்டுக்கு மேல் இரைச்சல் ஏறி, கடைசியில் பாட்டே மறைந்து கடலை வறுக்கும் சத்தம் மட்டும் அறை முழுக்க நின்றது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு அவருக்கு மனப்பாடம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தெரேசா அக்கா எழுந்துபோய் குமிழைத் திருப்பி நிலையத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். பலமுறை செய்து பழகிய கை அது.

அடுப்படிக்கு அவர் பின்னாலேயே போனேன்.

"எவ்வளவு நாளாக்கா?"

"ஒரு வருஷம் இருக்கும். ஒத்துக்க மாட்றாரு. நீ வெளிய சொல்லிடாத. பஸ்ஸு இல்லன்னா அவரு செத்துருவாரு."

"அக்கா, அந்த பஸ்ல நாங்க எல்லாரும் இருக்கோம்."

அவர் அழ ஆரம்பித்தார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, நான் அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கொடுமை. "அண்ணே, நாளைக்கு லீவு போடுங்க. போயி காதக் காட்டுங்க."

"என் காதப் பத்தி நீ பேசறியா?"

"நீங்க மேனேஜர்கிட்ட சொல்லலன்னா, ஆபீஸ் தொறந்ததும் நான் சொல்லிடுவேன்."

அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். "நாளையிலேருந்து வேற பஸ்ஸு பாரு," என்றார்.

மறுநாள் காலை அதே பஸ்ஸில்தான் ஏறினேன். என் லைனில் வேலை செய்யும் பெண்கள் எல்லாம் அதில்தான் வருகிறார்கள். இடம் இருந்தும் உட்காராமல் அவர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாலையை மட்டும் பார்த்தார். நன்றாகத்தான் ஓட்டினார். வளைவுகளில் வேகம் குறைத்தார், லாரிகளுக்கு இடம் விட்டார். ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்றுகூட நினைத்தேன்.

கூலாய் சந்திப்பில் எங்களுக்குப் பச்சை விளக்கு. வலப்பக்கம் கடை வரிசைக்குப் பின்னாலிருந்து தீயணைப்பு வண்டியின் சைரன் சத்தம் வந்தது. பக்கத்துத் தடத்தில் கார்கள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கள் பஸ் நிற்கவில்லை. "அண்ணே, பொம்பா வருது! நிறுத்துங்க!" என்று கத்தினேன். பின்னால் யாரோ, "அலமாக்! நிறுத்துங்கலா!" என்று அலறினார்கள். அவர் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு அதே வேகத்தில் போனார். இரண்டு கையாலும் அவர் தோளில் ஓங்கி அடித்தேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். சாலையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் கால் பிரேக்கை மிதித்தது.

சிவப்பு வண்டி எங்கள் கண்ணாடியை உரசுவதுபோலக் கடந்து போனது. வழியில் ஏறி நின்றிருந்தவர்களும் நானும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். யாருக்கும் பெரிய காயம் இல்லை. "உன் மூஞ்சியில சைரன் இருந்துச்சு," என்று அண்ணன் பின்னாளில் சொன்னார். அன்று அப்படிப் பேசும் நிலையில் அவர் இல்லை. சந்திப்பைத் தாண்டி ஒரு மூடிய கடை முன்னால் பஸ்ஸை ஓரங்கட்டினார்.

"சத்தம் போட்டுச்சா?" என்று கேட்டார்.

"போட்டுச்சுண்ணே."

"ரொம்ப நேரமாவா?"

"ஆமாண்ணே. ஊருக்கே கேட்டுச்சு."

அவர் இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில் பின்னால் ஒரு பெண் விசும்புவது கேட்டது. அது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். போனை எடுத்து மேனேஜர் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார். போனில் பேசுவது கேட்காததால்தான் எப்போதும் குறுஞ்செய்தியே அனுப்புகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முந்தின நாள் அவ்வளவு உறுதியாகப் பேசிய எனக்கு, அவர் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. "பிரேக் கோளாறுன்னு சொல்லட்டுமாண்ணே?" என்றேன்.

"இல்ல. காது கேக்கலன்னு சொல்லு," என்றார். சத்தமாகவே சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் தலை குனியவில்லை. மேனேஜரிடம் மலாயில் அதையே சொன்னேன். வேறு பஸ் வந்து எங்களை ஏற்றிக்கொண்டபோது, அவர் சாலையோரம் தனியாக நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் என்னோடு பேசவில்லை. டியூனரின் மேல் துணி போர்த்திவிட்டார் என்று அக்கா சொன்னார். காதுக் கருவி வாங்கி மாட்டிப் பார்த்தாராம். பேச்சு கேட்டது. பாட்டு தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்ததாம். மகள் போனில் பாட்டுப் போட்டுக் காட்டினாளாம். அதையும் தள்ளிவிட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டார். "வாம்மா. அவருதான் சொன்னாரு." போனேன். டியூனரில் விளக்கு எரிந்தது. அண்ணன் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரு கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்திருந்தார். மறு கையால் குமிழைத் திருப்பினார். ஒரு ஊசி ஏறியது, மற்றது மெல்ல நடுவுக்கு வந்து நின்றது. மரத்தின் வழியே தாளம் அவர் உள்ளங்கைக்குப் போயிருக்க வேண்டும். தலை ஆடியது. போனில் இது நடக்காது. தொடக் குமிழ் இல்லை, பார்க்க ஊசி இல்லை. காது போன மனிதருக்கும் பாட்டு வரும் வழியை அந்தப் பெட்டி விட்டுவைத்திருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சுத்தமா இருக்கா?" என்று கேட்டார். என் காதை நம்பி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. லேசாக இரைச்சல் இருக்கிறது என்று கையால் காட்டினேன். ஒரு மயிரிழை திருப்பினார். சரி என்று தலையாட்டினேன். "அப்ப உக்காரு. தே ஆறுது," என்று டீக் கோப்பையைக் காட்டினார். கோபம் அத்தோடு தீர்ந்தது. கடைசி வாரம் வரை ஞாயிறு தவறாமல் போனேன். டியூனர் அவருடைய இடத்திலேயே இருக்கிறது, தெரேசா அக்கா கேட்கிறார். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது வேறு. கம்பெனியில் என் வேலை, பூதக்கண்ணாடி வழியே சர்க்யூட் பலகைகளைச் சோதிப்பது. அவை ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குள் போகின்றன. சில மாதமாகவே ஈயப் புள்ளிகள் எனக்கு மங்கித் தெரிகின்றன. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாது. அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் சூப்பர்வைசரிடம் போனேன். லைனில் எல்லோரும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யத் தோன்றவில்லை.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இந்த மேசையிலேருந்து என்ன மாத்துங்க," என்றேன்.