வெளிச்சத்தின் பெயர்

கல்முனையில் டொக்டரின் அறையிலிருந்து வந்தவர், தொப்பியைக் கழற்றி மடித்தும் விரித்தும்கொண்டு, முறைக்குக் காத்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய மகள் மருந்தெடுக்கப் போயிருந்தாள்.

“தங்கச்சி, ‘ஓரா’ எண்டா என்ன? மகள்ட தலையிடிக்கு டொக்டர் சொன்னாரு.”

“சிலருக்குத் தலையிடி வர முந்திக் கண்ணுக்குள்ள வெளிச்சம் நெளியும். அதுக்குத்தான் அந்தப் பேர்.”

தொப்பியை மடித்த கை நின்றது.

“இவட உம்மாவும் அப்படித்தான் சொன்னா. வேலைக்கள்ளி எண்டு ஏசினன். ஜின் எண்டு ஓதின தண்ணியும் குடுத்தன். அவ மௌத்தாகி, அடக்கி ரெண்டு வருசம்.”

அந்தச் சொல்லைத் துண்டில் எழுதித் தரச் சொன்னார்.

“மகளுக்கா?”

“இல்ல. அவக்கிட்ட மன்னிப்புக் கேக்கக்குள்ள பிழையாச் சொல்லிரப்படாது.”

மனைவியை அடக்கிய கபுரடியில் சரியாகச் சொன்னாரா என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.