வளைவின் முன் லாரியை நிறுத்தியவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருடம் தள்ளிப்போட்டேன். படிப்பும் குறைவு, தைரியமும் குறைவு. ஆனால் ஒரு லாரி ஓட்டுநரின் நல்ல பெயர் எங்கள் ஊரில் என்னால் கெட்டுக் கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கனரக வண்டிகளுக்கு பெர்மிட் வாங்கும் வேலை எனக்கு. பெரிய டிரெய்லர் நினைத்த வழியில் வர முடியாது. எந்த ரோடு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். முந்தின நாள் அந்த ரோட்டை நேரில் பார்த்து, ‘பார்த்தாச்சு’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த நடை எனக்கு அவ்வளவு பிடிக்கும். சுமையின் உயரத்துக்கு மேல் ஒரு சாண் கூட்டி மூங்கில் கம்பு வெட்டிக்கொண்டு, விடிந்ததும் ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து நந்திதுர்க் சுரங்கம் வரை நடந்தே போவேன். குறுக்கே போகும் கம்பி, மரக்கிளை எல்லாவற்றையும் கம்பால் அளப்பேன். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குழாயடியில் நிற்கும் பெண்கள் விடமாட்டார்கள்.

“இன்னாண்ணா, ஆகாசத்துக்கு ஒட்டட அடிக்க கெளம்பிட்டீங்களா?”

“ஆமாம்மா, உங்க வீட்டு மேலயும் கீது, வரட்டா?”

சிரித்துக்கொண்டே டீ கொடுப்பார்கள். இப்போது பெர்மிட் போனிலேயே வந்துவிடுகிறது, அந்த நடை இல்லை. அந்த டீயை நினைத்தால் இன்றும் நாக்கு ஊறுகிறது.

அந்த வருடம் புத்த பூர்ணிமா அன்று ஒரு டிரெய்லர் வர வேண்டியிருந்தது. முந்தின நாள் நான் ரோடு பார்க்கப் போகவில்லை. எங்கள் புத்த விகாரைக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே சீரியல் லைட் வளைவு கட்டிக்கொண்டிருந்தேன். பத்து நாள் முன்பு பார்த்த ரோடுதானே என்று கையெழுத்தைப் போட்டுவிட்டேன். வளைவின் உயரத்தை மட்டும் பழக்கதோஷத்தில் சரியாக அளந்தேன்: ஊர்வலத்தில் பகவான் சிலை வைத்து வரும் டெம்போவுக்கு மேல் ஒரு சாண்!

மறுநாள் காலை வெள்ளை உடுத்திப் பஞ்சசீலம் சொல்லிக்கொண்டிருந்தோம். ‘பொய் சொல்லமாட்டேன்’ என்று நானும் சொன்னேன். வெளியே ஹாரன் கேட்டது. ஓடிப்போனேன். டிரான்ஸ்பார்மர் ஏற்றிய டிரெய்லர் வளைவுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. ஓட்டுநர் இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாண்ணா இது? ரோடு பாத்தாச்சுன்னு எழுதிகீறீங்க. இத யாரு கட்னது?”

“நான்தான்பா.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “நல்லா கீதுண்ணா. கட்னதும் நீங்க, பாத்ததும் நீங்க!”

வளைவை அவிழ்க்கப் போனேன். “வேணாம்ணா, சாமி காரியம். ஊர்வலம் போவட்டும், நான் நிக்கிறேன்” என்றார். பெர்மிட் நேரம் தாண்டியது. சோதனைக்கு வந்த அதிகாரியிடம், “நான்தான் லேட்டு சார்” என்றார். அதை நான் ஏற்கவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். கையெழுத்துப் போடும் வேலையை முதலாளி மூன்று மாதம் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். அது நியாயம்தான்.

ஆனால் சாயங்காலத்துக்குள் ஊரில் கதை வேறாகிவிட்டது. டிரைவர் குடித்துவிட்டு வேகமாக வந்தானாம், பகவானின் வளைவைக் கண்டதும் லாரி தானாக நின்றதாம். ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் பக்திதான்பா நிறுத்திச்சு” என்று கண் கலங்கினார். அதிகாரியிடம் உண்மை சொன்ன நான், என் சனங்களிடம் வாயைத் திறக்கவில்லை. அந்தப் புகழ் இனிப்பாக இருந்தது.

மறு வருடம் அதே ஓட்டுநர் வந்தார். டீக்கடையில் ஒருவர், “இன்னாபா, இன்னிக்காச்சும் குடிக்காம வந்தியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்தார். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் அவர் லோடு எடுக்கவில்லை.

இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றும் கூட்டாதீர்கள், என்மேல் இரக்கப்பட்டு ஒன்றும் குறைக்காதீர்கள். அவர் குடிக்கவில்லை. கவனமாக வந்தார், பார்த்தார், பிரேக் போட்டார். லாரி நின்றது அதனால்தான். அவரைத் தெரிந்தவர் இருந்தால் இதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.