யாதிராவின் இருபது நிமிடங்கள்

அந்தச் சனியனை நான்கு மாடி தூக்கிக்கொண்டு ஏறியவன் நான்தான். அதனால் நடந்ததில் என் பங்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ நகரத்தில் பொர்த்தாலெஸ் பேட்டையில் எங்களுடையது பழைய ஐந்து மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. வாசலில் காவல் இருப்பது, தண்ணீர்த் தொட்டியைக் கவனிப்பது, குப்பை வண்டி மணி கேட்டால் எல்லாரையும் கூப்பிடுவது, சாமான்களை மாடிக்குச் சேர்ப்பது என்று சகலமும் இந்த எலிசியோ ஒருவன் தலையில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருச்சந்தையிலிருந்து நாலாவது மாடி யாதிரா அதை உருட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பில் மூன்று வயது மாய்த்தே. பின்னால் கொத்தமல்லிக் கட்டோடு எட்டு வயது சித்லாலி. வட்டமான இரும்புச் சட்டம், நடுவில் கறுப்புத் துணி, சுற்றிலும் ஸ்பிரிங், முழங்கால் உயரம்கூட வராத ஆறு கால்கள். யாரோ வைத்திருந்து அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட குட்டி டிராம்போலின். கால்களில் ரப்பர் இல்லை. பழைய டென்னிஸ் பந்துகளை வெட்டி ஆறு காலுக்கும் செருகிக் கொடுத்தவனும் நானே. சத்தம் வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

"இது எதுக்கும்மா, பிள்ளைங்களுக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு. குதிக்க," என்றாள். சிரிக்கவில்லை.

யாதிராவுக்கு முப்பத்தாறு வயது. கணவன் வடக்கே மொந்தெர்ரே நகரத்துக்கு வேலைக்குப் போனான். முதலில் மாதம் ஒருமுறை வந்தான், பிறகு பண்டிகைக்கு வந்தான், இப்போது போன் மட்டும் வருகிறது. இவள் ஒரு கால் சென்டரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் திட்டைக் காதில் வாங்கிக்கொள்கிறாள். இருட்டோடு எழுந்து, சாப்பாடு கட்டி, ஒருத்தியைப் பள்ளியிலும் ஒருத்தியைக் காப்பகத்திலும் விட்டு, மெட்ரோவில் நசுங்கிப் போய், மாலை ஆறரைக்கு இரண்டையும் இழுத்துக்கொண்டு திரும்பி வருவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்த மாதம் மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை எல்லையில் வந்து நின்றுவிட்டது. தினமும் இருபது நிமிடம் உடம்பு வேர்க்கவேண்டும், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றாராம் டாக்டர். யாதிராவின் அம்மாவுக்கு இதே சர்க்கரையில் முதலில் ஒரு விரல் போயிற்று, அப்புறம் பாதம், ஐம்பத்திரண்டு வயதில் ஆளே போய்விட்டார். அந்தப் பாதத்துக்குக் கட்டு மாற்றியவள் இவள்தான். அப்போது பதினெட்டு வயது. நாலாவது மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னாள். கடைசியில், "நான் போயிட்டா இதுங்க ரெண்டுக்கும் யாரு இருக்கா, தோன் எலிசியோ?" என்று கேட்டாள். நான் டிராம்போலினைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

பூங்காவில் நடக்கலாமே என்று சொல்லாத ஆள் இந்தக் கட்டடத்தில் இல்லை. யோசனை சொல்ல ஐந்து மாடியிலும் ஆள் உண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒருவரும் இல்லை. நான் ஒருநாள் என் அறையில் வைத்துக்கொண்டேன். குளிக்கப் போகிற ஆள், குளித்துக்கொண்டிருக்கிற ஆள் என்று பாராமல் சின்னது எல்லா வீட்டுக்கும் இன்டர்காம் பொத்தானை அமுக்கிவிட்டது. அத்தோடு அது முடிந்தது. ஆக, வீட்டுக்குள்தான் குதிக்கவேண்டும், ஏழு மணிக்குத்தான் குதிக்கவேண்டும். அடுப்பில் பீன்ஸ் குக்கர், மேஜையில் சித்லாலியின் வாய்ப்பாடு, நடுவில் அம்மா.

குழாய் மாற்றப் போனபோது ஒருநாள் பார்த்தேன். ஏழெட்டு எவ்வளவு என்று குதித்துக்கொண்டே கேட்கிறாள். மாய்த்தே தன்னையும் ஏற்றச் சொல்லிக் காலைக் கட்டிக்கொள்கிறது. இறங்குகிறாள், குக்கரை அணைக்கிறாள், ஏறுகிறாள், மூக்கைத் துடைத்துவிட இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். மேலே இருந்த நிமிடங்களை மட்டும் கூட்டி இருபது ஆக்குவதற்குள் முக்கால் மணி ஆகிவிடும். பார்த்த எனக்கே வேர்த்தது.

மூன்றாவது நாள், ஏழு மணிக்கு, தோன்யா அம்பாரோ தெருவில் நின்றார்.

அவர் மூன்றாவது மாடி, யாதிராவுக்கு நேர் கீழ் வீடு. (வயதான ஆணைத் தோன் என்றும் பெண்ணைத் தோன்யா என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.) எழுபத்தொன்பது வயது, காது மந்தம், இடுப்பு சரியில்லை, துணைக்கு ஆளில்லை. வெறுங்காலோடு, சால்வையும் பத்திரங்கள் வைத்த பையுமாக ஜூஸ் கடை வாசலில் நின்று நடுங்கினார். "ஆடுது எலிசியோ, ஆடுது. விளக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகுது." இந்த ஊரில் பூகம்பமோ என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் முதலில் பார்ப்பது தொங்கும் விளக்கைத்தான். அதிலும் அவருக்கு அந்த விளக்கு கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிச் சரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தின் பூகம்பத்தில் அதே விளக்கைப் பார்த்து அவர் ஓடினார். கணவர் செருப்பைத் தேடித் திரும்பினார், சரிந்த சுவருக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை; விளக்கு மட்டும் உடையாமல் மிஞ்சியது. அன்றிலிருந்து அம்மா செருப்புக்காக நிற்பதில்லை.

நான் கம்பத்து மின்கம்பிகளைப் பார்த்தேன். அசையவில்லை. ஜூஸ் கடை செலெரினோ எதையும் உணரவில்லை. என் பார்வை நேரே நாலாவது மாடிக்குப் போயிற்று. அவள் குதிக்கிற நேரம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேதான் நான் கெடுத்தேன். உண்மையைச் சொன்னால் மாடிக்கும் மாடிக்கும் சண்டை, நடுவில் இடிபடுவது நான் என்று பயந்து, "ஆமாம்மா, லேசா ஆடுச்சு. தூரத்துல எங்கயோ," என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாளும் இறங்கினார். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் நான் கையைப் பிடித்து மூன்று மாடி ஏற்றிவிடுவேன். எட்டாவது நாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனில்லை. மேலே போய் யாதிராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒன்பது நாள் அவள் ஏறவில்லை. டிராம்போலினைக் குளியலறையில் வைத்துப் பார்த்தாள், இடம் போதாமல் கதவு மூடவில்லை. மொட்டைமாடிக்குப் போகலாம் என்றால் அங்கே கைப்பிடிச் சுவர் என் தொடை உயரம். மாய்த்தே ஏறிவிடும் என்று நானே வேண்டாம் என்றேன். விளக்கைக் கழற்றித் தருகிறேன் என்று தோன்யா அம்பாரோவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். "என் கண்ணைப் பிடுங்கித் தரேன்னு சொல்றியா?" என்றார்.

கடைசியில் யாதிரா பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு தானே கீழே இறங்கிப் போய் உண்மையைச் சொன்னாள். சர்க்கரையை, தன் அம்மாவின் பாதத்தை, டிராம்போலினை, எல்லாவற்றையும். தோன்யா அம்பாரோ சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாராம். பிறகு, "அப்போ எலிசியோ எட்டு நாளா எங்கிட்டப் பொய் சொன்னானா?" என்று மட்டும் கேட்டாராம். என்னோடு ஒரு வாரம் பேச்சில்லை. அவளிடமோ வேறு பேச்சு. "ஏழு மணிக்குத்தானே? குதி. நீதான்னு தெரிஞ்சா எனக்கென்ன பயம்? நான் உக்காந்து பாக்குறேன்."

முதல் நாள் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் அவர் விரல்கள் வெளுத்துவிட்டன என்று அவரே பிறகு சொன்னார். ஒரு வாரத்தில் ஒரு கையில் காபி வந்தது. இன்னொரு வாரத்தில் மறுகையில் சீனி தூவிய பன் வந்தது. வாசல் பக்கத்திலேயே நாற்பது வருடமாக நின்ற பத்திரப் பை பீரோவுக்குள் போயிற்று. ராத்திரி தூங்குகிறேன் என்றார். விளக்கு பன்னிரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால் துடைப்பக் கம்பால் கூரையில் இடிப்பார். மற்ற வீடுகளில் சத்தத்தை நிறுத்தச் சொல்லி இடிப்பார்கள், இந்த வீட்டில் குதிக்கச் சொல்லி இடிப்பு. யாதிரா சிரித்துக்கொண்டே ஓடிப்போய் ஏறுவாள். மூன்று மாதம் கழித்து சர்க்கரை பதினேழு புள்ளி இறங்கியிருந்தது. காகிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். டாக்டர் இன்னும் மூன்று மாதம் இப்படியே போகட்டும், டிசம்பரில் வா என்றாராம். எனக்கும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. மாய்த்தேக்குக் காய்ச்சல். காப்பகத்தில் கூப்பிட்டு அனுப்பியதால் யாதிரா சீக்கிரமே வந்துவிட்டாள். காய்ச்சல் என்று படியில் அம்பாரோவிடமும் சொல்லிக்கொண்டு போனாள். ஏழு அடித்துப் பத்து நிமிடம் இருக்கும். கீழிருந்து ஒரு குத்து விட்டது. அப்புறம் ஆடியது. தூரத்தில் பூகம்பம் கிளம்பினால் ஊரெங்கும் முன்கூட்டியே எச்சரிக்கை ஒலி வரும், ஊருக்கு அடியிலேயே கிளம்பினால் வராது; ஆடின பிறகுதான் ஆடியது தெரியும். எல்லாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். துண்டோடு ஒருவர், கரண்டியோடு ஒருவர். தோளில் அனல் மாதிரி மாய்த்தே, இடுப்பைக் கட்டிக்கொண்டு சித்லாலி, இப்படி யாதிரா நின்றாள்.

அவள்தான் முதலில் மேலே பார்த்தாள். மூன்றாவது மாடி ஜன்னலில் வெளிச்சம். கண்ணாடிச் சரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருந்தது.

"கீழ்வீட்டு அம்மா எங்க?" என்றாள். பிறகு, "அய்யோ, நான் குதிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க," என்றாள்.

கத்தினாள். அந்தக் காதுக்கு எங்கே கேட்கும்? மேலே ஓடப் போனாள். சித்லாலி அலறிக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஓரடி வைப்பாள், பிள்ளையைப் பார்ப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள். அவளால் முடியவில்லை. திரும்ப உள்ளே போகக்கூடாது என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டிய பாடம். என் முழங்காலைத் திட்டிக்கொண்டே நான் ஏறினேன்.

தோன்யா அம்பாரோ விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். பன்னைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. "இன்னைக்கு நல்லாக் குதிக்கிறா எலிசியோ. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு போல."

ஆடாதபோது ஆடியது என்று பொய் சொன்ன வாய் இது. இப்போது ஆடுவதை ஆடவில்லை என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவர் பார்வை என்னைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று. மூலையிலிருந்து புதிதாக ஒரு கோடு விட்டிருந்தது. கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"இது அவ இல்லையா?"

"இல்லம்மா."

எழுந்திருக்கப் பார்த்தார். கால் எழவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கியபோது என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை, "செருப்பு, செருப்பு," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுவரில் இரண்டு கோடு, அவ்வளவுதான். எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆனால் யாதிரா அதன்பின் அதில் ஏறவில்லை. பிள்ளைகளின் ஈரத்துணி அதன்மேல் காய்ந்தது. குதிக்கும்முன் போன் பண்ணிச் சொல்லிவிடேன் என்றேன் நான், பெரிய புத்திசாலி மாதிரி. அவள் என்னைப் பார்த்தாள்.

"குதிச்சுக்கிட்டு இருக்கும்போதே நிஜமா வந்துட்டா? அவங்களுக்கும் தெரியாது. அது மேல இருக்கிற எனக்கும் தெரியாது, தோன் எலிசியோ."

நான் கீழே இறங்கி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கீழ்வீட்டிலிருந்தும் தூது வந்தது, தூதன் நானே. குதிக்கச் சொல்லு என்றார் தோன்யா அம்பாரோ. பை மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது, தூக்கம் போய்விட்டது. "விளக்கு சும்மா தொங்குனா, எப்ப ஆடும், எப்ப ஆடும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அவ குதிச்சாத்தான் எனக்கு நிம்மதி. நான் எழுபத்தொம்பது. அவளுக்குப் பிள்ளைங்க இருக்கு. போய்ச் சொல்லு." போய்ச் சொன்னேன். யாதிரா தலையை மட்டும் அசைத்தாள். சரி என்றா, முடியாது என்றா, எனக்குத் தெரியவில்லை. நவம்பரில் அவள் படியேறும்போது இரண்டாவது மாடியிலேயே நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போன வியாழக்கிழமை எரிவாயு உருளையை மாட்டிக் கொடுக்க மேலே போனேன். ஏழு மணி. துணிகளை எடுத்து மடித்து வைத்திருந்தாள். காலில் ஷூ. டிராம்போலினின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சித்லாலி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, ஆறு நிமிஷம் ஆச்சு, ஆரம்பி," என்றது. டாக்டரைப் பார்க்க இன்னும் பன்னிரண்டு நாள்.

"என்னம்மா நிக்கிறே?" என்றேன்.

"ஏறிட்டேன். குதிக்கத்தான் கால் வரல."

அப்போது தரைக்கு அடியிலிருந்து இடி வந்தது. துடைப்பக் கம்பு. ஒன்று, இரண்டு. சற்று நின்று, மூன்று.

யாதிரா தரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் உருளைத் திருகைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கம்பு மறுபடி இடித்தது. அவள் குதிக்கவில்லை. இறங்கவும் இல்லை.